கல்லூரிக்கு எதற்கு மாட்டுப் பண்ணை? மாணவர்கள் மாட்டை நடத்திக் காட்டுவது எதற்கு?

வேலந்தாவளத்திலிருந்து ஒரு நண்பர் கேட்டிருக்கிறார். அவருடைய மகள் திருச்சூர் பக்கம் மண்ணுத்தியில் கால்நடை மருத்துவம் சேர்ந்திருக்கிறாள். டாக்டராகப் போகிற பெண்ணை விடிவதற்கு முன்னால் எழுப்பிப் பண்ணையில் பால் கறக்கச் சொல்கிறார்கள், ஒரு பல்கலைக்கழகம் எதற்குச் சொந்தமாக மாடு கட்டி வைத்திருக்கிறது என்பது முதல் கேள்வி. அமெரிக்காவில் கல்லூரிப் பிள்ளைகள் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, மாட்டைக் குளிப்பாட்டிச் சீவி, மரத்தூள் பரப்பிய வட்டத்துக்குள் நடத்திக் காட்டும் வீடியோ ஒன்றை மகள் அனுப்பினாளாம். அது என்ன கூத்து என்பது இரண்டாவது கேள்வி.

நானும் அதே மண்ணுத்தியில் படித்தவன்தான். கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துத் தமிழ்க் குடும்பம். படிப்பை முடித்ததும் பாலக்காடு மாவட்டத்திலேயே மாட்டு ஆஸ்பத்திரிகளில் சர்வீஸ் முழுவதையும் கழித்துவிட்டேன். இரண்டு கேள்விக்கும் ஒரே இடத்தில்தான் பதில் இருக்கிறது. ஆனால் அதைச் சொல்ல முதலில் பொள்ளாச்சிச் சந்தைக்குப் போக வேண்டும்.

என் பெரியப்பா மாட்டுத் தரகர். சிறுவயதில் அவர் பின்னால் பொள்ளாச்சிச் சந்தைக்கும் குழல்மந்தம் சந்தைக்கும் போயிருக்கிறேன். மாட்டைப் பார்க்கும்போது பேசமாட்டார். முதலில் தூரத்தில் நின்று நடையைப் பார்ப்பார். அப்புறம் பின்னால் போய்ப் பின்னங்கால்களுக்கு நடுவே மடி எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று குனிந்து பார்ப்பார். வயிற்றுக்கடியில் ஓடும் பால் நரம்பை விரலால் தடவுவார். கடைசியாக வாயைத் திறந்து பல். "நாலு பல்லு, ரெண்டாம் ஈத்து" என்று முணுமுணுத்தால் முடிந்தது. விலை பேச வாய் வேண்டாம், துண்டுக்கடியில் விரல் பிடித்தால் போதும். சுற்றி நிற்கும் நூறு பேருக்கும் என்ன விலையென்று தெரியாது.

அப்படிப்பட்டவரே ஒரு தடவை ஏமாந்தார். வேளைக்கு 8 லிட்டர் என்று சொல்லி விற்ற மாடு. மடி குடம் போல இருந்தது. வீட்டுக்கு ஓட்டி வந்து ஒரு வாரம் கறந்த பிறகுதான் தெரிந்தது, வேளைக்கு 4 லிட்டரைத் தாண்டவில்லை. முந்தின நாள் சாயங்காலத்திலிருந்து கறக்காமல் மடியை நிறைய விட்டுச் சந்தைக்கு ஓட்டி வந்திருக்கிறார்கள். பெரியப்பா யாரையும் திட்டவில்லை. "கண்ணுக்குத் தெரிஞ்சதெ வாங்கினேன், கணக்கு யாரு வெச்சிருக்கா?" என்றார்.

கல்லூரிப் பண்ணை அந்தக் கணக்கை வைக்கிற இடம். மாணவர் மாட்டுக் காட்சி கண்ணைப் பழக்குகிற இடம். இரண்டும் ஒரே தொழுவத்தில் பிறந்தவை. அவ்வப்போது சண்டையும் போட்டுக்கொண்டன. இவற்றின் வரலாறு பெரும்பாலும் அந்தச் சண்டைதான்.

அமெரிக்காவிலிருந்து தொடங்குவோம். 1862இல் ஆபிரகாம் லிங்கன் காலத்தில் மாரில் சட்டம் என்று ஒன்று வந்தது. மாநிலங்களுக்கு மத்திய அரசு நிலம் கொடுத்தது. அதை விற்ற காசில் உழவும் தொழிலும் சொல்லிக்கொடுக்கும் கல்லூரிகளை மாநிலங்கள் தொடங்கின. 1887இல் வந்த ஹேட்ச் சட்டம் அந்தக் கல்லூரிகளுக்கு ஆராய்ச்சி நிலையங்களைக் கொடுத்தது. கல்லூரி மாடுகளின் வேலை அதோடு மாறிவிட்டது. அதுவரை விடுதிக்குப் பால், மாணவர்களுக்குப் பயிற்சி என்று இருந்த மந்தை, சோதனைக்கான மந்தையானது.

சோதனை என்றால் என்ன என்று காட்ட விஸ்கான்சின் பல்கலைக்கழகம் போதும். அங்கே ஸ்டீபன் பாப்காக் என்ற வேதியியல்காரர் இருந்தார். அந்தக் காலத்தில் பாலை எடை போட்டோ அளந்தோ காசு கொடுத்தார்கள். தண்ணீர் ஊற்றியவனுக்கும் ஏடு எடுத்தவனுக்கும் லாபம், நல்ல மாடு வைத்திருந்தவனுக்கு நஷ்டம். பாப்காக் 1890இல் ஒரு வழி சொன்னார். கழுத்து நீண்ட குப்பியில் பாலை விட்டுக் கந்தக அமிலத்தை ஊற்றினால் கொழுப்பைத் தவிர மற்றதெல்லாம் கரைந்துவிடும். குப்பியைச் சுழற்றினால் கொழுப்பு மட்டும் மேலே ஏறிக் கழுத்தில் நிற்கும். கழுத்தில் கோடு போட்டிருக்கும், எத்தனை கோடு என்று எண்ண வேண்டியதுதான். அதற்கு அவர் காப்புரிமை கூட வாங்கவில்லை. சுவிட்சர்லாந்துக்காரர் கெர்பரும் இதே போன்ற முறையைக் கொண்டுவந்தார். நம் நாட்டுப் பால் சொசைட்டிகளில் பெரிதும் புழங்கியது கெர்பர் முறைதான். இப்போது மிஷின் வந்து நொடியில் சீட்டு அடித்துக் கொடுக்கிறது. நம்மூர்ச் சொசைட்டியில் காலையில் பால் ஊற்றும்போது கொழுப்பையும் கொழுப்பில்லாத திடச்சத்தையும் பார்த்து விலை போடுகிறார்களே, அந்தச் சீட்டுக்கு மூதாதை அந்தக் குப்பி.

அதே பாப்காக்குக்கு இன்னொரு சந்தேகம் இருந்தது. தீவனத்தில் புரதம் இவ்வளவு, மாவுச்சத்து இவ்வளவு என்று கணக்குப் போட்டு எழுதிவிட்டால் எல்லாத் தீவனமும் ஒன்றுதான் என்று அன்றைய பண்டிதர்கள் சொன்னார்கள். இவர் நம்பவில்லை. கடைசியில் 1907இல் கல்லூரித் தொழுவத்தில் 16 கிடாரிகளை நாலு நாலாகப் பிரித்தார்கள். ஒரு கூட்டத்துக்கு மக்காச்சோளச் செடியும் மணியும் மட்டும், ஒன்றுக்குக் கோதுமை மட்டும், ஒன்றுக்கு ஓட்ஸ் மட்டும், நாலாவதுக்கு மூன்றும் கலந்து. காகிதக் கணக்கில் நாலு தீவனமும் சமம். நாலு வருஷம் அப்படியே நடந்தது. மக்காச்சோளம் தின்றவை பளபளவென்று இருந்தன, நல்ல கன்று போட்டன. கோதுமை தின்றவை வற்றிப் போயின, கன்றுகள் பிழைக்கவில்லை.

ஏன்? அந்தச் சோதனையில் வேலை செய்த எல்மர் மெக்காலம், மாட்டை வைத்துக்கொண்டு இதற்கு விடை தேடினால் ஆயுசு போதாது என்று எலிகளுக்கு மாறினார். விவசாயக் கல்லூரிக் காசில் தானியம் தின்கிற எலியை வளர்ப்பதா என்று முதலில் எதிர்ப்பு வந்ததாம். 1913இல் அவரும் மார்கரெட் டேவிஸும், வெண்ணெயில் இருக்கிற, அதுவரை யாருக்கும் தெரியாத ஒரு சத்தைப் பற்றி எழுதினார்கள். இன்றைக்கு நாம் வைட்டமின் ஏ என்று சொல்வது அதைத்தான். வெறும் 16 கிடாரிகள், யாரோ நாலு வருஷம் நாள் தவறாமல் எழுதி வைத்த நோட்டு. அங்கன்வாடிக் குழந்தைக்குக் கொடுக்கும் வைட்டமின் ஏ திரவத்தின் கதை அந்தத் தொழுவத்தில்தான் ஆரம்பிக்கிறது. 1898 வாக்கில் கட்டிய அந்தத் தொழுவம் இன்னும் நிற்கிறது, தேசிய நினைவுச் சின்னமாக.

நம் பக்கம் வருவோம். சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி 1903இல் தொடங்கியது. பெங்களூரில் 1923இல் வந்த பால்பண்ணை நிலையம்தான் பிறகு கர்னாலுக்குப் போய் தேசிய பால்பண்ணை ஆராய்ச்சி நிலையமாயிற்று. 1927இல் உடம்பு சரியில்லாமல் பெங்களூரில் தங்கியிருந்த காந்தி அங்கே போய் மாடு வளர்ப்புப் பாடம் கேட்டார். மண்ணுத்திக் கல்லூரி 1955இல் வந்தது. 1970களின் தொடக்கத்தில் கேரள வேளாண் பல்கலைக்கழகம் உருவானதும் அதன் கீழ் போனது. 2010இல் கால்நடைக்கென்று தனிப் பல்கலைக்கழகம் பிறந்தபோது அங்கே மாறியது. அதற்குத் தலைமையிடம் வயநாட்டில் பூக்கோடு. மண்ணுத்திப் பண்ணையைத் தவிர, மண்ணார்க்காட்டுப் பக்கம் திருவிழாங்குன்று, சாலக்குடிப் பக்கம் தும்பூர்முழி என்று வேறு பண்ணைகளும் உண்டு. தும்பூர்முழி என்ற பெயரை நீங்கள் வேறு இடத்தில் கேட்டிருப்பீர்கள். சாணத்தையும் சருகையும் குப்பையையும் அடுக்கடுக்காகப் போட்டு நாற்றமில்லாமல் மட்க வைக்கும் கூண்டுகளைக் கேரள நகராட்சிகள் தெருவோரம் வைத்திருக்கின்றன அல்லவா, அந்த முறைக்கு அந்தப் பண்ணையின் பெயர்தான்.

சரி, வெள்ளைச் சட்டைக் கூத்துக்கு வருகிறேன்.

1900இல் சிகாகோவின் பெரிய மாட்டு மந்தைக் கொட்டடியில் இன்டர்நேஷனல் லைவ் ஸ்டாக் எக்ஸ்பொசிஷன் என்று ஒரு கண்காட்சி தொடங்கியது. நாடெங்கிலுமிருந்து மாடு, ஆடு, பன்றி, குதிரை வந்து குவிந்தன. கல்லூரி மாணவர்களுக்கும் அங்கே மாட்டைத் தரம் பார்க்கும் போட்டி இருந்தது. ஆனால் ஒரு கல்லூரியிலிருந்து போக முடிந்தது ஒரு சிறு அணிதான். மீதிப் பிள்ளைகள் என்ன செய்வார்கள்? தங்கள் கல்லூரித் தொழுவத்திலேயே அதைப் போலச் சின்னதாக ஒன்றை நடத்திக்கொண்டார்கள். பெயரும் அப்படியே, லிட்டில் இன்டர்நேஷனல். வடக்கு, தெற்கு டகோட்டா மாநிலக் கல்லூரிகளில் 1920களின் தொடக்கத்தில் ஆரம்பித்தது இன்னும் நடக்கிறது. கனடாவில் குவெல்ஃப் நகரத்துக் கல்லூரியில் 1925இல் தொடங்கிய காலேஜ் ராயலும் இதே ஜாதி.

இதில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. மாணவன் தன் சொந்த மாட்டைக் கொண்டுவருவதில்லை. கல்லூரி மந்தையிலிருந்து சீட்டுக் குலுக்கிப் போடுகிறார்கள். யாருக்கு எந்த மாடு என்பது அதிர்ஷ்டம். கயிற்றுக்கே பழகாத கிடாரியாக இருக்கலாம், உதைக்கிற மாடாக இருக்கலாம். சில வாரம் அவகாசம். அதற்குள் கயிற்றில் நடக்கப் பழக்கி, குளிப்பாட்டி, முடி வெட்டி, தலையை நிமிர்த்தி நிற்க வைக்க வேண்டும். நடுவர் மதிப்பெண் போடுவது மாட்டுக்கில்லை, நடத்துகிறவருக்கு. நடுவர் எங்கே நகர்கிறாரோ அங்கே ஒரு கண், மாட்டின் காதிலும் காலிலும் ஒரு கண். மடியின் அமைப்பு தெரிகிற மாதிரி பின்னங்காலை நிறுத்தத் தெரிய வேண்டும். மாட்டின் மேல் கோபத்தைக் காட்டினால் மதிப்பெண் போச்சு. "இந்த மாடு எப்போது பிறந்தது, எப்போது கன்று போடும்?" என்று நடுவர் திடீரென்று கேட்பார். பதில் நாக்கு நுனியில் இருக்க வேண்டும்.

தரம் பார்க்கும் போட்டி இன்னும் கடுமை. நாலு மாடுகளை வரிசையாக நிறுத்துவார்கள். மாணவன் அவற்றை 1 முதல் 4 வரை வரிசைப்படுத்த வேண்டும். அதற்கு 50 மதிப்பெண். அப்புறம் நடுவர் முன் தனியாகப் போய், கையில் காகிதம் இல்லாமல், இரண்டு நிமிஷத்தில் காரணம் சொல்ல வேண்டும். அதற்கும் 50. "இந்த மாட்டை அதற்கு மேலே வைத்தேன், ஏனென்றால் பின்மடி உயரத்தில் ஒட்டியிருக்கிறது, நடுத்தசைநார் பிளவு தெளிவாக இருக்கிறது" என்று. அமெரிக்கப் பால்மாட்டு மதிப்பெண் அட்டையில் நூற்றுக்கு 40 மடிக்கு, 25 கறவைத் திடத்துக்கு, 20 பின்னங்கால்களுக்கும் குளம்புக்கும், 15 உடல்வாகுக்கு. என் பெரியப்பா இந்த அட்டையைப் பார்த்திருந்தால் ஒத்துக்கொண்டிருப்பார் என்றே நினைக்கிறேன். ஒரே ஒரு வித்தியாசம், அவர் காரணத்தைத் துண்டுக்கடியில் வைத்துக்கொண்டார். அங்கே காரணத்தை வாய்விட்டுச் சொல்ல வைக்கிறார்கள். வாய்விட்டுச் சொன்னால்தான் தப்பு என்று இன்னொருவர் காட்ட முடியும்.

சந்தைத் தந்திரமும் அங்கே உண்டு, ஏமாந்துபோக வேண்டாம். பெரிய கண்காட்சிகளில் மடியைப் புடைப்பாகக் காட்டுவதற்காக நேரத்துக்குக் கறக்காமல் விடுவார்கள். அதைப் பிடிக்க இப்போது மடிக்கு ஸ்கேன் வைத்துப் பார்க்கும் அளவுக்குப் போயிருக்கிறது. நானே இங்கே க்ஷீர சங்கமம் என்ற பால் விவசாயிகள் கூட்டம் ஒன்றில் நடுவர் குழுவில் நின்றபோது இதைப் பார்த்தேன். ஒருவர் கருப்பு வெள்ளைக் கலப்பின மாடு கொண்டுவந்தார். மடி தரையைத் தொடும் போல இருந்தது. மாடு பின்னங்காலை அகட்டி அகட்டி வைத்தது. காம்பிலிருந்து சொட்டுச் சொட்டாகப் பால் தானாகவே விழுந்துகொண்டிருந்தது. "எப்ப கறந்தீங்க?" என்றேன். "காலைல சார்." நான் பேசாமல் அதன் மடியைக் கையால் தொட்டேன். கல் மாதிரி இருந்தது, மாடு உதறியது. "முதல்ல கறந்துட்டு வாங்க, பரிசை அப்புறம் பார்ப்போம்" என்றேன். அவருக்குக் கோபம், கூட்டத்தில் அவருடைய ஆட்கள் வேறு. பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடச் சிறுமி ஒரு சின்னக் கிடாரியை வைத்துக்கொண்டு நின்றாள். அது நகரமாட்டேன் என்று முன்னங்காலை ஊன்றிவிட்டது. அவள் இழுக்கவில்லை. குனிந்து கழுத்துத் தாடையைச் சொறிந்துகொண்டே ஏதோ பேசினாள், தமிழும் மலையாளமும் கலந்து. கிடாரி நடந்தது. பரிசு அவளுக்குப் போனது.

இப்போது சண்டைக்கு வருகிறேன். கண் மட்டும் ஆட்சி செய்தால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்க ஹியர்ஃபோர்டு மாடுதான் பாடம். அது இறைச்சி மாடு. 1930, 40களில் கண்காட்சி வட்டத்தில் குட்டையாக, கட்டையாக, பெட்டி மாதிரி இருக்கும் மாட்டுக்குத்தான் பரிசு என்று ஒரு மோகம் வந்தது. பரிசு வாங்கிய காளைக்குத்தான் கிராக்கி. அந்தக் கட்டை உருவத்துக்குப் பின்னால் ஒரு மறைந்த மரபணு ஒளிந்திருந்தது. ஒரு பக்கம் மட்டும் வந்தால் மாடு அழகாகக் கட்டையாக இருக்கும். தாய் தகப்பன் இரண்டு பக்கமும் வந்தால் மூச்சிரைக்கும் குள்ளக் கன்று பிறக்கும், பிழைக்காது. நடுவர்கள் தங்களை அறியாமலேயே அந்த மரபணுவுக்குப் பரிசு கொடுத்துக்கொண்டிருந்தார்கள். 1950களில் பண்ணைக்குப் பண்ணை குள்ளக் கன்றுகள் பிறந்து கூச்சல் எழுந்த பிறகு, வம்சாவளி நோட்டுகளைத் தோண்டி எந்தக் காளையிடமிருந்து வந்தது என்று தேடிக் கழித்தார்கள். கண் செய்த தப்பைக் கணக்கு சரி செய்தது.

நம் ஊர்த் தப்பு வேறு மாதிரி. கேரளத்தில் 1961இல் கால்நடை அபிவிருத்திச் சட்டம் வந்தது. லைசன்ஸ் இல்லாத காளையை வைத்திருக்கக் கூடாது, காயடிக்க வேண்டும் என்றது அது. 1963இல் மூணாறு பக்கம் மாட்டுப்பட்டியில் இந்திய சுவிஸ் திட்டம் தொடங்கியது. பழுப்பு சுவிஸ் காளைகளை நாட்டு மாட்டோடு கலந்து சுனந்தினி என்ற இனம் வந்தது. இன்றைக்குக் கேரளத்து மாடுகளில் பத்துக்கு ஒன்பதுக்கும் மேல் கலப்பினம். இதைத் தப்பென்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. கொழிஞ்சாம்பாறையிலும் வண்ணாமடையிலும் எத்தனை வீட்டில் பிள்ளைகள் படித்தது இந்த மாட்டுப் பாலை ஊற்றித்தான் என்று எனக்குத் தெரியும். தப்பு எங்கே என்றால், நாட்டு மாட்டில் எதை இழக்கிறோம் என்று யாரும் கணக்கு எழுதவில்லை. கண்ணுக்கு அவை சின்ன மாடு, 2 லிட்டர் மாடு, அவ்வளவுதான்.

கோட்டயம் மாவட்டம், வைக்கம் பக்கத்தில், வேம்பநாட்டுக் காயல் ஓரம் வெச்சூர் என்று ஒரு ஊர். அந்த ஊர் மாடு இடுப்பளவுதான், 90 சென்டிமீட்டர் சுமாருக்கு. எடை 130 கிலோ வாக்கில். ஒரு நாளைக்கு 2, 3 லிட்டர் பால். 1980களில் அது அழிந்துவிட்டது என்றே பலர் நினைத்தார்கள். மண்ணுத்தியில் இனவிருத்தி மரபியல் பேராசிரியராக இருந்த டாக்டர் சோசம்மா ஐப், 1989இல் தன் மாணவர்களைக் கூட்டிக்கொண்டு வீடு வீடாகத் தேடப் போனார். நான் படித்து முடித்து வெளியே வந்துவிட்ட பிறகு நடந்தது இது, அதில் எனக்குக் கொஞ்சம் பொறாமை உண்டு. யோசித்துப் பாருங்கள், சட்டப்படி காயடித்திருக்க வேண்டிய காளைக்கன்றை எந்த வீட்டுக்காரர் தானாக வெளியே கொண்டுவந்து காட்டுவார்? பேசிப் பேசி, கொட்டில் கொட்டிலாக ஏறி இறங்கி, கைவிரல் விட்டு எண்ணக்கூடிய மாடுகளைத்தான் முதலில் பல்கலைக்கழகத் தொழுவத்துக்குக் கொண்டுவந்தார்கள்.

அங்கிருந்துதான் நோட்டின் வேலை. இவ்வளவு குறைவான மாடுகளை வைத்துக்கொண்டு இனம் பெருக்கினால் அண்ணன் தங்கைக்குள்ளேயே சேர்க்கை நடந்து இனம் நசிந்துவிடும். எந்தக் கன்றுக்கு யார் தகப்பன், யார் பாட்டி, எதோடு எதைச் சேர்க்கலாம் என்று ஒவ்வொன்றையும் எழுதி, காளைகளின் விந்தை உறைய வைத்துச் சேமித்துத்தான் வெச்சூர் மாடு இன்று ஆயிரக்கணக்கில் திரும்பி வந்திருக்கிறது. இடையில் சர்ச்சைகளும் குற்றச்சாட்டுகளும் நிறைய. 1998இல் வெச்சூர் பாதுகாப்பு அறக்கட்டளை வந்தது. 2022இல் அந்த அம்மாவுக்குப் பத்மஸ்ரீ. கூடப் போன மாணவர்கள் பெயரெல்லாம் அவ்வளவாக வெளியே தெரியாது. ஆனால் மாணவர்கள் மாட்டைத் தேடிக் கொண்டுவந்து பல்கலைக்கழகத்தில் காட்டிய இந்தக் காரியத்தைத்தான் நம் நாட்டின் மிகப் பெரிய மாணவர் மாட்டுக் காட்சி என்பேன்.

பாலக்காடு மாவட்டத்து நம் சித்தூரைப் போல ஆந்திராவிலும் ஒரு சித்தூர் உண்டு, அங்கேயும் தமிழ் பேசுகிறவர்கள் நிறைய. அந்தப் பக்கத்துப் புங்கனூர் மாடும் குள்ள இனம்தான். திருப்பதி கால்நடைப் பல்கலைக்கழகத்தின் பலமநேர் ஆராய்ச்சி நிலையத்து மந்தைதான் அது தொலைந்துபோகாமல் வெகுகாலம் தாங்கிப் பிடித்தது. 2024 பொங்கல் சமயத்தில் பிரதமர் தன் வீட்டில் அந்த மாடுகளுக்குத் தீனி கொடுக்கிற படம் வந்ததும் விலை எங்கேயோ போய்விட்டது. இப்போது போன் பண்ணிக் கேட்கிறவர்கள் எல்லாம் "எத்தனை அடி உயரம் சார், இன்னும் சின்னதா கிடைக்குமா?" என்றுதான் கேட்கிறார்கள். பால் எவ்வளவு, கன்று ஒழுங்காகப் போடுமா, தகப்பன் யார் என்று ஒருவரும் கேட்பதில்லை. அந்த ஹியர்ஃபோர்டு கதை மறுபடி நம் வாசலில் வந்து நிற்கிறது. மோகத்துக்காகக் குள்ளத்தையும் குள்ளத்தையும் சேர்த்துக்கொண்டே போனால் என்ன பிறக்கும் என்று எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. உங்களில் யாராவது வாங்குவதாக இருந்தால், ஸ்கேலை வீட்டில் வைத்துவிட்டு வம்சாவளிச் சீட்டைக் கேளுங்கள்.

கல்லூரிப் பண்ணையைப் பற்றி உயர்வாகவே சொல்லிக்கொண்டு போகிறேன், அதற்கும் எல்லை உண்டு. காளை பால் தராது. ஒரு காளை நல்ல காளையா என்று தெரிய அதன் மகள்கள் கறக்கும்வரை காத்திருக்க வேண்டும். அதுவும் ஒன்றிரண்டு மகள்கள் போதாது, வெவ்வேறு கட்டுத்தறியில், வெவ்வேறு தீனியில் கறக்கிற பல மகள்களின் கணக்கு வேண்டும். நூறு, இருநூறு மாடுள்ள கல்லூரி மந்தைக்கு அது முடியாது. கேரளத்தில் அந்த வேலையைக் கால்நடை வளர்ச்சி வாரியம்தான் ஊர் ஊராக விவசாயிகள் வீட்டு மாட்டில் பால் அளந்து செய்கிறது. பாலக்காட்டுக்குப் பக்கத்தில் தோணியில் அவர்களுடைய காளைப் பண்ணை இருக்கிறது. நம்மூர் ஆஸ்பத்திரியில் சினை ஊசி போடுகிற உறைவிந்துக் குழாய் பெரும்பாலும் அந்த வழியாக வருவதுதான். அமெரிக்காவிலும் பல பல்கலைக்கழகங்கள் செலவு கட்டுப்படியாகவில்லை என்று மந்தையை விற்றுவிட்டன. மாடு ஞாயிற்றுக்கிழமை லீவு எடுக்காது, கணக்குப் பார்க்கிறவர்களுக்கு அது பிடிக்காது.

கடைசியாக உங்கள் மகளின் விடிகாலை. பெருவிரலை மடக்கிக் காம்பை நசுக்கிக் கறக்கும் பழக்கம் நம் பக்கத்து வீடுகளில் இருக்கிறது. அங்கே முதல் வாரமே அதை மாற்றி முழுக் கையால் கறக்கச் சொல்லிக்கொடுப்பார்கள். காம்பு உள்ளே காயமாகாமல் இருக்க அதுதான் வழி. முதல் நாலு பீச்சலைக் கருப்புத் துணி கட்டிய கிண்ணத்தில் விட்டுத் திரி, அதாவது பால் திரிந்த சின்னக் கட்டி, இருக்கிறதா என்று பார்க்கச் சொல்வார்கள். மடிநோயின் முதல் அடையாளம் அந்தத் திரிதான். மடியைக் கழுவித் துடைத்தால் சுரப்பு விடும். விட்டதிலிருந்து ஐந்து, ஏழு நிமிஷத்துக்குள் கறந்து முடிக்க வேண்டும், மாடு மனசு மாறினால் பால் மேலே ஏறிவிடும். இதைப் புத்தகத்தில் படித்துப் பரீட்சை எழுதலாம்தான். ஆனால் நாளைக்கு ஒரு வண்ணாமடைக்காரர் "மாடு ரெண்டு நாளா பால் எறக்கலீங்க டாக்டரம்மா" என்று வந்து நிற்கும்போது, கையில் கறந்து பழகிய பெண்ணுக்குத்தான் காம்பைத் தொட்டதும் ஏதோ சரியில்லை என்று தெரியும். எனக்கு அப்படித் தெரியவந்தது மூன்றாம் வருஷத்தில். உதைத்த மாட்டின் காது வில்லை எண் இன்னும் ஞாபகம் இருக்கிறது.

அங்கே பாலைக் கறந்ததும் எடை போட்டு அந்த மாட்டின் பக்கத்தில் எழுதுவார்கள். அந்த எழுத்து வேலையை அவளே கேட்டு வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள், சோம்பேறிப் பசங்கள் அதை அடுத்தவர் தலையில் கட்டிவிடுவார்கள். கல்லூரியில் எப்போதாவது மாடு நடத்திக் காட்டும் போட்டி வைத்தால் சேரட்டும். வெள்ளைச் சட்டை மட்டும் பழையதாக இருக்கட்டும், சாணக் கறை என்ன போட்டுத் துவைத்தாலும் போகாது.